மனவலியை அளக்கும் கேள்வித்தாள்கள்: எதை எடுக்கலாம், எதுவரை நம்பலாம்

"தற்கொலை எண்ணம் வருகிறதா?" "இல்லை." பதிவேட்டில் ஒரு கோடு, அடுத்த நோயாளி. மனநலப் பிரிவுகளில் அன்றாடம் நடப்பது இது. அந்த "இல்லை"யை எவ்வளவு நம்பலாம்? மருத்துவமனையில் இருக்கும்போதோ, வெளியே வந்த உடனேயோ தற்கொலையால் இறந்த 76 பேரின் பதிவேடுகளை 2003ல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. கடைசிப் பேச்சு பதிவாகியிருந்தவர்களில் 78 சதவீதம் பேர், அப்படி எண்ணமே இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் கடைசி வாரத்தில் கடுமையான பதற்றமோ, நிலைகொள்ளாத தவிப்போ இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் "இல்லை". கேட்காத கேள்விக்கான பதில் முகத்திலும் கைகால்களிலும் இருந்திருக்கிறது.

அந்தக் கேட்காத கேள்வியைக் கேட்க உதவும் கருவிகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்: மனம் எவ்வளவு வலிக்கிறது, அதைத் தாங்க முடிகிறதா என்று கேட்கும் கேள்வித்தாள்கள். ஒவ்வொன்றிலும் பார்த்தது நான்கு விஷயங்கள். நிலைகுலைந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரால் கடைசிவரை நிரப்ப முடிகிறதா? மனச்சோர்வு அளவுகோல் ஏற்கெனவே சொல்லிவிட்டதையே திருப்பிச் சொல்கிறதா, புதிதாக ஏதும் சொல்கிறதா? வலியின் அளவை மட்டும் கேட்கிறதா, தாங்கும் திறனையும் கேட்கிறதா? மதிப்பெண் வந்த பிறகு அடுத்த பத்து நிமிடத்தில் செய்ய ஏதாவது கிடைக்கிறதா? நான்காவதில்தான் பெரும்பாலானவை சறுக்குகின்றன.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். நோயின் பெயர் எதுவாக இருந்தாலும், தற்கொலையை நோக்கித் தள்ளுவது தாங்க முடியாத மனவலிதான் என்று 1993ல் எழுதினார். மனச்சோர்வு, நம்பிக்கையின்மை எல்லாம் அந்த வலி வழியாகத்தான் ஆபத்தாகின்றன என்பது அவர் வாதம். இதை அப்படியே முழுதாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் 2018ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அவருக்குச் சாதகமாகவே வந்தது: தற்கொலை எண்ணமோ முயற்சியோ உள்ளவர்களிடம் மனவலி அதிகம். இரு தரப்பிலும் மனச்சோர்வின் அளவு சமமாக இருந்தபோதும் இந்த வேறுபாடு மறையவில்லை. ஆக, மனச்சோர்வு மதிப்பெண் இருந்தால் போதும், வலியைத் தனியே கேட்க வேண்டாம் என்ற வாதம் நிற்காது. ஷ்னைட்மனின் சொந்த அளவுகோல் 1999ல் வந்தது. படங்களைக் காட்டி, அதில் இருப்பவரின் வலியை ஊகிக்கச் சொல்லி, பிறகு தன் வலிக்கு 1 முதல் 9 வரை எண் கொடுக்கச் சொல்வது. பேச்சைத் தொடங்க நல்ல வழி. புறநோயாளிப் பிரிவில் வரிசை காத்திருக்கும்போது நடக்காது.

அதிகம் புழங்குவது கனடாவின் ரொனால்ட் ஹோல்டனும் அவர் குழுவும் 2001ல் வெளியிட்ட அளவுகோல். மொத்தம் 13 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. குறைந்தபட்ச மதிப்பெண் 13, அதிகபட்சம் 65. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாக்கியங்கள் எளிமையானவை: மனம் வலிக்கிறது, உள்ளே வெறுமையாக இருக்கிறது, இந்த வலியை இனியும் பொறுக்க முடியாது என்ற ரீதியில் போகும். எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும். படிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டினாலும் கெட்டுப்போகாது. ஆனால் வாசிப்பவர் குரலில் ஏற்ற இறக்கம் வேண்டாம்.

சிக்கல் எங்கே? முதல் ஒன்பது வாக்கியங்களுக்கு "ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை பதில். பத்தாவதிலிருந்து பதில் வகையே மாறி, "சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை" முதல் "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்" வரை ஆகிவிடும். தூக்கமில்லாதவர், மாத்திரையால் மந்தமாக இருப்பவர், கவனம் நிலைக்காதவர் இந்த இடத்தில் தடுமாறி, ஒரே கட்டத்தில் வரிசையாகக் குறி போட்டுவிடுவார்கள். ஆகவே ஒன்பதாவதோடு நிறுத்தி, "இனிக் கேள்வி வேறு மாதிரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த குறை, 13 வாக்கியங்களும் ஏறத்தாழ ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. ஆராய்ச்சியாளருக்கு அது வசதி, புள்ளியியல் அழகாக வரும். நோயாளிக்கு அலுப்பு. மூன்றாவது, இந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் ஒரு கோடு இதற்குக் கிடையாது. பல வருடங்களாக நோயோடு வாழ்பவர் சாதாரண நாளிலேயே 50ஐ ஒட்டி நிற்கக்கூடும். அவரிடம் 52ஐப் பார்த்துப் பதறுவதைவிட, வழக்கமாக 35ல் இருப்பவர் 48க்கு ஏறியதைப் பார்த்து நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்வது சரி. எண்ணைவிட ஏற்றம் முக்கியம். அதற்கு, நன்றாக இருக்கும் காலத்திலும் ஒருமுறை எடுத்து வைத்திருக்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

இந்த 13லிருந்து மூன்றை மட்டும் பிரித்தெடுத்து 2019ல் ஒரு குறுவடிவம் வந்தது. மூன்றும் வலி எவ்வளவு என்று கேட்பவை அல்ல, தாங்க முடிகிறதா என்று கேட்பவை. எங்கள் கணக்கில் இந்த வரிசையிலேயே கொடுத்த நேரத்துக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான். வலி கடுமையாக இருந்தும் "சமாளிக்கிறேன்" என்பவரும், நடுத்தர வலியில் "இனி முடியாது" என்பவரும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துபோகாமல் இது காப்பாற்றுகிறது. ஒரு நிமிட வேலை. மூன்று வரிதானே என்று தாளைக் கொடுக்காமல் நடந்துகொண்டே கேட்டுவிடும் பழக்கம் வந்துவிட்டால் மட்டும் பயன் போய்விடும்.

எதிர்முனையில் நிற்பது இஸ்ரேலில் ஓர்பாக், மிகுலின்சர் குழு 2003ல் வெளியிட்ட மனவலி அளவுகோல். 44 வாக்கியங்கள், ஒன்பது கூறுகள்: இனி மாறாது என்ற உணர்வு, கைமீறிப்போதல், தன்மதிப்பில் பட்ட காயம், உணர்ச்சி வெள்ளம், உறைந்துபோதல், தனக்கே தான் அந்நியமாதல், குழப்பம், மனிதரிடமிருந்து விலகல், வெறுமை. படித்துப் பார்த்தால் வலியின் வரைபடம் மாதிரி இருக்கும். ஆறு மாத உளச்சிகிச்சை தொடங்கும் ஒருவருக்கு இது புதையல். எந்தக் கூறு உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். "கைமீறிப்போகிறது" என்பவருக்கு வேண்டிய உதவியும் "உறைந்துவிட்டேன்" என்பவருக்கு வேண்டிய உதவியும் ஒன்றல்ல. ஆனால் அவசரப் பிரிவில் இதைக் கொடுத்தால் பாதியில் வெறுத்துப்போய் வைத்துவிடுவார்கள். மனநோயோடு மோதும் இடங்களும் உண்டு. மனச்சிதைவு உள்ளவரிடம் "குழப்பம்", "அந்நியமாதல்" இரண்டும் நோய்க்குறியாகவே ஏறியிருக்கும். மருந்தால் உடல் இறுகிப்போனவர் "உறைந்துபோதலில்" உயர்ந்த எண் தருவார். உணர்ச்சிகள் சட்டென்று ஏறி இறங்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறில் வெறுமை என்பது நோயை இனங்காணும் அடையாளங்களில் ஒன்று, அங்கே அது உயர்ந்திருப்பதில் புதிய செய்தி இல்லை. ஆகவே மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி எழுதிவிட்டுப் போவது இந்தக் கருவியை வீணடிப்பது. கூறு கூறாகப் பார்க்க நேரமில்லை என்றால் எடுக்கவே வேண்டாம்.

நடுவில் இரண்டு. மீ, பன்னி ஆகியோர் பெயரில் 2011ல் வந்தது 10 கேள்விகள் கொண்டது, 10 முதல் 50 வரை. மனச்சோர்வு நோயாளிகளை மனத்தில் வைத்துச் செய்தது, அவர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. சீன ஆய்வாளர்கள் உருவாக்கிய முக்கூற்று அளவுகோல் இன்னொன்று. அது வலியின் எழுச்சி, வலி உணர்வு, வலியிலிருந்து தப்பும் உந்துதல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றாவதுதான் விஷயம். வலிக்கிறது என்பதையும் இதிலிருந்து எப்படியாவது வெளியேற வேண்டும் என்பதையும் பிரித்துப் பார்க்கும் கருவிகள் குறைவு.

தாளே இல்லை என்றால் 0 முதல் 10 வரை ஒரு கோடு போதும். உடல்வலிக்குக் கேட்பதுபோலவே, ஆனால் மூன்று முறை: இப்போது எவ்வளவு, கடந்த 15 நாட்களில் சராசரியாக எவ்வளவு, அதில் மிக மோசமான நேரத்தில் எவ்வளவு. மூன்றாவது எண்ணை விட்டுவிடாதீர்கள். மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும் நேரம் பலருக்கு நாளின் நல்ல நேரம், "இப்போது" என்ற கேள்விக்கு 4 என்பார்கள். நேற்று இரவு இரண்டு மணிக்கு அது 9 ஆக இருந்திருக்கும். "அந்த 9 வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வி, 44 வாக்கியங்கள் தராததைச் சில நேரம் தந்துவிடும்.

வலி அளவுகோல் எதுவும் தற்கொலை பற்றிய நேரடிக் கேள்விக்கு மாற்று அல்ல. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014 கட்டுரையும் அப்படி எண்ணம் கூடியதாகக் காணவில்லை. பலரும் நம்பியிருக்கும் பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி இந்த வேலைக்குப் போதாது. கடந்த இரண்டு வாரத்தில் செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்று இரண்டை ஒன்றாகப் போட்டுக் கேட்கிறது. "சில நாட்கள்" என்று குறி போட்டவர் எதற்குப் போட்டார்?

தற்கொலை ஆபத்தை நேரடியாகக் கேட்கும் கொலம்பியா அளவுகோலின் ஆறு கேள்வி வடிவம் இதைப் படிப்படியாகப் பிரிக்கிறது. முதலில் இறந்துவிட்டால் தேவலை என்ற விருப்பம், இரண்டாவதாகத் தற்கொலை எண்ணம். இரண்டாவதற்கு "ஆம்" என்றால் வழி, நோக்கம், திட்டம் என்று 3, 4, 5. "இல்லை" என்றால் நேரே ஆறாவதுக்குப் போக வேண்டும்: எப்போதாவது முயற்சி செய்ததுண்டா, ஏற்பாடுகள் செய்ததுண்டா, அது கடந்த மூன்று மாதத்துக்குள்ளா? நடைமுறையில் நேரும் தவறு, 1, 2க்கு "இல்லை" வந்ததும் தாளை மடித்துவிடுவது. ஆறாவது கேட்காமல் விடக்கூடாதது. 4, 5ல் ஒன்றுக்கு "ஆம்" வந்தாலோ, மூன்று மாதத்துக்குள் முயற்சி இருந்தாலோ அவரைத் தனியே விடாமல் அப்போதே மனநல மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும்.

நோய்க்கு நோய் இந்தக் கருவிகள் எங்கே ஏமாற்றும் என்பது தனிக் கதை. மனச்சிதைவில் "தாங்க முடியவில்லை" என்று கேட்டால் முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். மருந்து புதிதாகத் தொடங்கியோ அளவு கூட்டியோ சில நாள், சில வாரம்தான் ஆகிறது என்றால் அகதீசியா என்ற பக்கவிளைவாக இருக்கலாம். உட்கார முடியாமல், நிற்கவும் முடியாமல், உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தத் தவிப்பைப் பலர் மனவலி என்றே சொல்வார்கள். மருந்தைச் சரிசெய்தால் இறங்கிவிடும், சரிசெய்யாவிட்டால் ஆபத்து. நோய் கட்டுக்குள் வந்து, தனக்கு என்ன நேர்ந்தது என்று தெளிவு பிறக்கும் கட்டமும் அப்படித்தான். மருத்துவர் கண்ணுக்கு முன்னேற்றம், நோயாளிக்கு இழப்பின் முதல் நாள். இந்த நோயில் தற்கொலை முயற்சி திரும்பத் திரும்ப வருபவர்களுக்குக் குளோசப்பின் என்ற மனச்சிதைவு மருந்தைத் தர அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2002லேயே ஒப்புதல் தந்திருக்கிறது. வலி எண் உயர்ந்தே நிற்கிறது என்றால் அதைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது.

இருமுனைக் கோளாறில் கலப்பு நிலையை வலி மதிப்பெண் மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. மனம் தரையில் கிடக்க, உடலில் மட்டும் வேகம் ஏறியிருக்கும் நிலை அது. தூக்கம், எரிச்சல், எண்ண ஓட்டம் மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் தெரியும். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறில் வலி சில மணி நேரத்துக்குள் 3லிருந்து 9க்குப் போய்த் திரும்பும், வாரம் ஒருமுறை தாள் நிரப்புவது அங்கே அதிர்ஷ்டப் பரீட்சை. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்களும் உண்டு. அவர்கள் எல்லாக் கேள்விக்கும் குறைந்த எண் போட்டுவிட்டு, நெஞ்சில் கல், தொண்டையில் அடைப்பு என்பார்கள். தாளில் 15, உடலில் 60.

எப்போது அளப்பது? சேர்க்கும் அன்று எல்லோரும் அளக்கிறார்கள். அளக்க வேண்டிய நாள் வீட்டுக்கு அனுப்பும் நாள், பிறகு அடுத்த வாரம். மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்களைப் பற்றி 2017ல் வந்த பெரிய தொகுப்பாய்வில், முதல் மூன்று மாதங்களில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 1132 என்ற கணக்கில் இருந்தது. கண்காணித்த முழுக் காலத்துக்குமான விகிதம் 484. வெளியேறும் நாளில் எண் இறங்கியிருப்பது நல்ல செய்திதான். வார்டின் பாதுகாப்புக்குள் இறங்கிய எண் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி விற்பனையாளர்கள் சொல்லாத பகுதி. இந்தக் கருவிகளில் எதுவும் யார் இறப்பார் என்று சொல்லாது. 50 ஆண்டுகளில் நடந்த 365 ஆய்வுகளைத் திரட்டிய 2017 தொகுப்பு, அறியப்பட்ட ஆபத்துக் காரணிகளை வைத்துச் செய்யும் கணிப்பு நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்றுதான் முடித்தது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில் இன்னும் வெளிப்படையாக எழுதியது: தற்கொலையைக் கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், ஆட்களைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்காதீர்கள், யாருக்குச் சிகிச்சை என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். மதிப்பெண் குறைவு, படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்ப மனவலித் தாளைப் பயன்படுத்தும் இடம், அதை வாங்காமலே இருந்திருக்கலாம்.

ஆகவே தாளோடு கூடவே எடுக்க வேண்டிய இன்னொன்று, ஸ்டான்லி, பிரவுன் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம். ஒரே பக்கம், ஆறு படி. வலி ஏறத் தொடங்கும் அறிகுறிகள்; யாரையும் கூப்பிடாமல் தானே செய்யக்கூடியவை; கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும்; உதவி கேட்கக்கூடிய நெருங்கியவர்கள்; மருத்துவர், அவசர உதவி எண்கள்; ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது. 2018ல் ஒன்பது அவசரப் பிரிவுகளில் 1640 பேரை வைத்து ஒப்பிட்ட ஆய்வில், இந்தத் தாளோடு தொலைபேசி விசாரிப்பும் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் தற்கொலை நடத்தை 3.03 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 5.29. சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல, ஆனால் அலட்சியப்படுத்தும் வித்தியாசமும் அல்ல. 2021ல் வந்த தொகுப்பாய்வும் இதே வகைத் திட்டங்கள் தற்கொலை நடத்தையைக் குறைப்பதாகக் கண்டது. எண்ணத்தைக் குறைத்ததற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. இத்தாள் அலை கடக்கும்வரை ஆளைப் பிடித்துவைக்கும், வலியை ஆற்றாது. அது மருந்தின், உளச்சிகிச்சையின், சில நேரம் வீடு, கடன், வேலை விவகாரத்தின் வேலை.

திட்டம் வீணாவது பெரும்பாலும் எழுதும் விதத்தால். முதல் படியில் "சோகமாக இருக்கும்போது" என்று எழுதினால் பயனில்லை, அவர் எப்போதும் சோகமாகத்தான் இருக்கிறார். "இரண்டு இரவு தூங்காமல், போனை எடுக்காமல், அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன்" என்றால் அவருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். இரண்டாவதில் "தியானம்" என்று சிகிச்சையாளரே எழுதித் தருவது இன்னொரு பிழை. எழுதிய ஒவ்வொன்றுக்கும் "அந்த நேரத்தில் இதை நிஜமாகவே செய்வீர்களா, எது தடுக்கும்?" என்று கேட்டு, தடை இருந்தால் அடித்துவிட்டு வேறொன்று எழுத வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றல்ல: மூன்றாவதில் இருப்பவரிடம் வலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, சும்மா அருகில் இருந்தால் போதும். ஆறாவதை வெட்கப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள். வீட்டில் எது இருக்கிறது, யாரிடம் ஒப்படைக்கப் போகிறார், எப்போது என்று பெயரும் நாளும் போட்டு எழுதாவிட்டால் அந்தப் படி வெற்றுக் காகிதம். மருந்தைக்கூட மாதக்கணக்கில் தராமல் வாரத்துக்கு ஒருமுறை தரச் சொல்லலாம்.

எங்கள் பரிந்துரை இது. நெரிசலான புறநோயாளிப் பிரிவுக்கு மூன்று வரிக் குறுவடிவமும் கொலம்பியாவின் ஆறு கேள்விகளும். நீண்டகால நோயாளிக்கு ஹோல்டனின் 13, நன்றாக இருக்கும்போது ஒருமுறை, பிறகு ஒவ்வொரு மருந்து மாற்றத்தின்போதும். உளச்சிகிச்சை அறைக்கு ஓர்பாக் தாள், சிகிச்சையாளர் முழுதாக உட்கார்ந்து பார்ப்பார் என்றால் மட்டும். வீட்டாருக்கு 0 முதல் 10 வரையான கோடு. எதை எடுத்தாலும் நிரப்பும்போது உறவினர் அறைக்கு வெளியே, நிரப்பியதும் அதே இருக்கையில் வைத்தே மருத்துவர் பார்க்க வேண்டும். மறுநாள் கோப்பில் பார்த்துப் பயனில்லை.

இதை வாசிப்பவருக்கே அந்தக் கோட்டில் எண் 8, 9 என்று நிற்கிறது, இனி முடியாது என்று தோன்றுகிறது என்றால், கேள்வித்தாள் தேட வேண்டாம். அருகில் இருக்கும் ஒருவரிடம் அந்த எண்ணை அப்படியே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ இப்போதே நாடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. "எவ்வளவு நாளாக இப்படி, இன்று இரவு யார் கூட இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, கூடவே கிளம்பினால் போதும்.